ஒற்றிக்குக் கொடுத்த வீட்டில் இருப்பவருக்கு வாடகைச் சட்டம் பொருந்துமா?

வடசேரி மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் எங்கள் அப்பா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. 2009இல் அதை ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் வாடகைக்கும் 20,000 ரூபாய் முன்பணத்துக்கும் விட்டார்கள். எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அம்மா வைத்திருந்த வாடகை நோட்டில் மாதந்தோறும் இருவரும் கையெழுத்திட்டதுதான் கணக்கு. 2016இல் தங்கையின் கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, அதே குடும்பத்திடம் 4 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, 3 வருட அவதிக்கு (தவணைக்கு) வீட்டை ஒற்றியாக எழுதிக் கொடுத்தார்கள். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதப்பட்டது, பதிவு செய்யவில்லை. அன்றிலிருந்து வாடகை வாங்கவில்லை.

அப்பா 2021இல் காலமானார்கள். இப்போது என் தம்பி குடும்பத்தோடு ஊர் திரும்புகிறான். நாங்கள் 4 லட்சத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒற்றியைத் திருப்ப வேண்டும் என்று கேட்கச் சென்றோம். அதற்கு அந்த வீட்டுப் பெரியவர், “பணத்தைத் தாருங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒற்றி தீர்ந்தால் நான் மறுபடியும் 2009இன் வாடகைக்காரன். பழையபடி 2,500 ரூபாய் தருவேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கும்போது என்னை யாரும் வீட்டை ஒழிந்து (காலி செய்து) தரச் சொல்ல முடியாது” என்று சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்லர். இத்தனை வருடம் எங்களோடு நல்லபடியாகப் பழகியவர். அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொல்வது சட்டப்படி சரியா? இந்த வீட்டுக்குப் பொருந்துவது ஒற்றிச் சட்டமா, வாடகைச் சட்டமா? எந்த அலுவலகத்துக்கு அல்லது நீதிமன்றத்துக்கு நாங்கள் போக வேண்டும் என்பதே தெரியாமல் நிற்கிறோம்.

தக்கலை பத்திர எழுத்தர் எழுதியது:

மகளே, நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆதாரம் (பத்திரம்) எழுதிப் பிழைத்தவன். நம் மாவட்டத்தில் ஒற்றி என்பது வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். மாத வாடகை கொடுத்துத் தீராது என்று நினைப்பவர் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து வீட்டில் இருப்பார்; பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை; அவதி முடிந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு ஒழிந்து கொடுப்பார். இது ஈடு, அதாவது அடமானம்; குத்தகை அன்று. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் இதை அனுபவ ஈடு என்று தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஈடு பதிவு செய்யப்பட வேண்டும் என்று 59ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் அப்பா பதிவு செய்யாமல் விட்டதுதான் இன்றைய குழப்பத்தின் வேர். பதிவுச் செலவுக்குப் பயந்து எத்தனையோ பேர் இப்படிச் செய்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தின் படி ஏறாமலே லட்சக்கணக்கில் கைமாறுகிறது. எழுத உட்கார்ந்த நாளில் நாங்கள் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், “நமக்குள்ளே எதற்கு அதெல்லாம்” என்பார்கள்.

அந்த முத்திரைத்தாளில் உள்ள வாசகத்தை அப்படியே இங்கே எழுத முடியுமா? பெயர்களை விட்டுவிடுங்கள். ஒற்றி என்று தலைப்பில் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

குழித்துறை வழக்குரைஞர் எழுதியது:

அம்மா, பத்திர எழுத்தர் மேலே கேட்ட கேள்விதான் இந்த வழக்கின் உயிர். வாசகம் வரும்வரை, அந்தக் குடும்பத்தினர் நம்பிக்கொண்டிருக்கும் சட்டம் எது என்பதை மட்டும் தெளிவாக்குகிறேன்.

அவர்கள் மனத்தில் இருப்பது 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2009இல் வீடு வாடகைக்கு விடப்பட்டபோது அது நடைமுறையில் இருந்தது. நகராட்சி எல்லைக்குள் இருந்ததால் உங்கள் வீட்டுக்கும் அது பொருந்தியது. அச்சட்டத்தின்படி, வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களில் ஒன்றை மெய்ப்பித்தால் ஒழிய ஒருவரை வெளியேற்ற முடியாது. ஆனால் அந்தச் சட்டம் இன்று இல்லை. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பழைய சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. அன்றைக்கு நிலுவையில் இருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படியே தொடரும். உங்களுக்குள் அப்போது வழக்கு எதுவும் இல்லை.

ஆகவே அவர் வாடகைக்காரரே என்று வைத்துக்கொண்டாலும், பழைய சட்டத்தின் நிழலில் 2,500 ரூபாய்க்குக் காலமெல்லாம் இருக்கலாம் என்பது நடக்காது. புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அதை வாடகை அதிகார அமைப்பிடம், அதாவது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம், பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்பே வாய்மொழியாக இருந்த வாடகைகளையும் எழுத்தில் கொண்டுவரக் காலம் கொடுத்தது. முதலில் கொடுத்த காலம் போதாமல் 575 நாள் வரை அதை நீட்டித்தார்கள். அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான ஒரு காரணமாக 21ஆம் பிரிவு வைத்திருக்கிறது.

அதே நேரத்தில், அவர் வாடகைக்காரர் அல்லர், ஒற்றிதாரர் மட்டுமே என்றால் வாடகை நீதிமன்றத்தில் உங்களுக்கு வேலையே இல்லை. வழி முழுவதும் உரிமையியல் நீதிமன்றத்தில் இருக்கிறது. தவறான கதவைத் தட்டி இரண்டு மூன்று வருடம் கழித்து, “இங்கே வரக்கூடாது” என்ற தீர்ப்போடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் கடைமுறி எழுதியது:

நான் வாடகைக்காரன் பக்கத்திலிருந்து பேச வேண்டும். இந்த இழையில் எல்லோரும் வீட்டுக்காரரின் கண்ணால்தான் பார்க்கிறோம்.

2011இல் நான் வாடகைக்கு எடுத்திருந்த கடைமுறியின் (கடை அறையின்) உரிமையாளர் திடீரென்று வாடகை வாங்க மறுத்தார். வாங்காமல் நான்கைந்து மாதம் விட்டு, பிறகு பாக்கிக்காரன் என்று வழக்குப் போடுவதுதான் எண்ணம். பழைய சட்டத்தின் 8ஆம் பிரிவில் அதற்கு வழி இருந்தது. எந்த வங்கியில் கட்ட வேண்டும் என்று கேட்டு அறிவிப்பு அனுப்பினேன், பதில் இல்லை. மணியார்டர் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு வாடகையை மணியார்டரில் அனுப்பினேன். “வாங்க மறுத்தார்” என்று தபால்காரர் நீல மையில் எழுதிய தாள் திரும்பி வந்தது. அந்தத் தாளையும் சேர்த்து மனுப் போட்டு, வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்த மாவட்ட முன்சீப் முன்பு பணத்தைக் கட்டினேன். அதற்கு உரிமையாளர் தரப்பில், கடை நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது, ஆகவே சட்டமே பொருந்தாது என்று எதிர்வாதம் வைத்தார்கள். அந்தச் சட்டம் நகராட்சிகளுக்குத் தானாகப் பொருந்தியது. மற்ற ஊர்களுக்கு அரசு அறிவிக்கை இருந்தால்தான் பொருந்தியது. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்றாலும், என் கடை விளிம்பில் இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டார்கள். நகராட்சி முத்திரை குத்திய தீர்வை ரசீது ஒன்று, அதுவும் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது, என்னைக் காப்பாற்றியது.

வழக்கு நடந்த காலத்தில் பின்பக்கத் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார்கள். வாளியில் தண்ணீர் சுமந்து கடை நடத்தினேன். சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்ற விவாதம் உங்களுக்கு ஒரு கேள்வி. குடியிருப்பவனுக்கு அது நாளைக் காலையில் எங்கே அடுப்பு மூட்டுவது என்பது. அந்தக் குடும்பம் 2009 முதல் அங்கே இருக்கிறது. ஒற்றிப் பணம் கொடுத்த ஒரே காரணத்தால், அதற்கு முன்பு ஏழு வருடம் வாடகைக்காரராக இருந்த உரிமை எப்படிக் கரைந்துபோகும்? உங்கள் அப்பாவுக்குப் பணம் தேவைப்பட்டபோது உதவியதற்குத் தண்டனையா?

வடசேரி மகள் எழுதியது:

கடைமுறி ஐயா, உங்கள் கேள்வி நெஞ்சைத் தொடுகிறது. அவர்களைத் தெருவில் விட வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தண்ணீரையோ மின்சாரத்தையோ தொட மாட்டோம் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

முத்திரைத்தாளை அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இதுதான் அதன் நடுப்பகுதி: “...மேற்படி ரூபாய் 4,00,000-க்கு வட்டியில்லை, வீட்டிற்கு வாடகையில்லை. இன்று முதல் மூன்று வருட அவதி கழிந்து தாங்கள் மேற்படித் தொகையைத் திருப்பித் தரும் நாளில், மேற்படி வீட்டை யாதொரு தடையும் சொல்லாமல் காலியாக ஒழிந்து தருவதாகச் சம்மதித்து...” கீழே அப்பாவும் அவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

தாளின் பின்பக்கத்தை இதுவரை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. அங்கே அப்பாவின் கையெழுத்தில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது: “ரொக்கம் 3,80,000. பழைய அட்வான்ஸ் வகையில் 20,000. ஆக 4,00,000.” அதன் அருகே இருவருடைய சுருக்கக் கையொப்பமும் இருக்கிறது. வாடகை நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். 2016 மார்ச் மாதக் கையெழுத்துக்குக் கீழே அம்மா அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு, “கணக்கு முடிந்தது” என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நோட்டில் பால் கணக்குதான் இருக்கிறது.

குழித்துறை வழக்குரைஞர் எழுதியது:

அம்மா, அந்தப் பின்பக்கத்தையும் அந்தக் கோட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாளை உறையில் போட்டு வையுங்கள். ஒட்டுப்பசை ஒட்ட வேண்டாம்.

கடைமுறி ஐயா எழுப்பிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவரிடமே உரிமையாளர் அனுபவ ஈடு எழுதிக் கொடுத்தால், வாடகை உரிமை ஈட்டுக்குள் கரைந்துவிடுகிறதா, அல்லது உறங்கிக் கிடந்து ஈடு தீர்ந்ததும் எழுந்துகொள்கிறதா? தானாகக் கரைவதில்லை என்பதுதான் சட்டத்தின் நிலை. குத்தகைக்காரரின் உரிமை வேறு, ஈடு வாங்கியவரின் உரிமை வேறு. ஒன்று மற்றொன்றைவிடப் பெரிய உரிமை அன்று என்பதால், ஒன்றை ஒன்று விழுங்குவதில்லை. ஆனால் அந்த ஈட்டை எழுதியபோது வாடகை உரிமையைக் குடியிருப்பவர் உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். அந்த ஒப்படைப்பு வாய்விட்டுச் சொல்லாமல், நடத்தையாலும் நடக்கலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு அதை ஏற்கிறது. 1976இல் ஷா மதுராதாஸ் மகன்லால் வழக்கில், ஈடு தீரும் நாளில் உடைமையையே திருப்பித் தர வேண்டும் என்ற பத்திர வாசகத்தை முன்னிறுத்தி, பழைய வாடகை ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று உச்ச நீதிமன்றம் கண்டது. 1984இல் கம்பங்கி அப்பலசாமி நாயுடு வழக்கில் அப்படி ஒப்படைத்ததாகக் காட்ட எதுவும் இல்லாததால், குத்தகை உரிமை தொடர்கிறது என்று கண்டது. இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பும் அன்றைக்கு மனத்தில் என்ன வைத்திருந்தார்கள் என்பதைத் தேடியிருக்கிறார்கள்.

உங்கள் தாளில் “காலியாக ஒழிந்து” என்று இருக்கிறது. அதைக் காட்டிலும் அந்த 20,000 ரூபாய்க் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். முன்பணம் என்பது வாடகை உறவின் நங்கூரம். வாடகை உறங்கிக் கிடக்க வேண்டும் என்று நினைத்திருந்தால், அந்த முன்பணம் தனியாக அப்படியே இருந்திருக்கும். அதை ஒற்றித் தொகையில் சேர்த்துக் கணக்கை முடித்தபோது, இரு தரப்பும் வாடகை உறவை அன்றோடு முடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல வலுவான இடம் கிடைக்கிறது.

தக்கலை பத்திர எழுத்தர் எழுதியது:

வழக்குரைஞர் ஐயாவோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். “யாதொரு தடையும் சொல்லாமல் காலியாக ஒழிந்து தருவதாகச் சம்மதித்து” என்பது நாங்கள் எழுதும் எல்லா ஒற்றிப் பத்திரத்திலும் வரும் வரி. எழுதுகிறவன் கை பழக்கத்தில் எழுதிவிடும். கையெழுத்துப் போடுகிறவர் படித்துப் பார்ப்பதில்லை. எனவே அந்த வரியை மட்டும் நம்பி நின்றால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் என்னைப் போன்ற ஒருவனைக் கூண்டில் ஏற்றி இதைச் சொல்ல வைத்துவிடுவார். பின்பக்கக் கணக்கு அப்படி அன்று. அது யாருடைய பழக்கத்திலும் வருவது இல்லை. அந்த இருவர் உட்கார்ந்து பேசிப் போட்டது.

இரணியல் வாசகர் எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? ஒற்றிப் பத்திரம் பதிவு ஆகவில்லை, ஆகவே செல்லாது. கொடுத்த பணத்துக்கு மூன்று வருடக் காலவரம்பு. அவதி 2019இல் முடிந்துவிட்டது. 2022இலேயே கடனும் காலாவதி. பணத்தையும் தர வேண்டாம். பத்து வருடம் இலவசமாக இருந்ததற்கு அவரிடம் நீங்கள் நஷ்ட ஈடு கேட்கலாம். சட்டம் உங்கள் பக்கம்.

வடசேரி மகள் எழுதியது:

ஐயா, அந்த 4 லட்சத்தில் என் தங்கை கழுத்தில் தாலி ஏறியது. அதைத் தர வேண்டாம் என்று எந்தச் சட்டம் சொன்னாலும் அந்த வழியில் நாங்கள் போக மாட்டோம். இதைப் பற்றி மேலும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழித்துறை வழக்குரைஞர் எழுதியது:

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். பதிவு செய்யாத பத்திரம் ஈடாகச் செல்லாது என்பது சரி. ஆனால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 49ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்தக் குடும்பம் எந்த வகையில் வீட்டில் இருந்தது என்ற துணை நோக்கத்துக்காக அந்தத் தாளைப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் முத்திரைத் தீர்வையின் குறைவைக் கட்ட வேண்டும். குறைந்த தொகையின் பத்து மடங்கு வரை தண்டம் வரலாம். “நூறு ரூபாய்த் தாள்தானே” என்று நினைக்கிறவர்கள் நீதிமன்றத்தில் அதை நீட்டும் நாளில்தான் அதன் உண்மையான விலையை அறிகிறார்கள். மேலும், ஒரு பக்கம் அந்தப் பத்திரத்தின்படி அவர் ஒழிய வேண்டும் என்றும் மறுபக்கம் அந்தப் பத்திரத்தின் பணத்தைத் தர மாட்டேன் என்றும் ஒரே மனுவில் கேட்பவருக்கு எந்த நீதிபதியும் செவி கொடுக்க மாட்டார்.

பறக்கை ஆசிரியர் எழுதியது:

இதே இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. நாங்கள் கோயில் இடத்தில் மூன்று தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கிறோம். அடிமனைக்கு மட்டும் வாடகை கட்டுகிறோம். எங்களுக்கு இந்த 2017 சட்டம் பாதுகாப்புத் தருமா?

குழித்துறை வழக்குரைஞர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, உங்கள் வழக்கு முற்றிலும் வேறு. சமய, அறநிலையங்களின் கட்டடங்களுக்கு 1960 சட்டத்திலிருந்து 1976ஆம் ஆண்டின் 2000ஆம் எண் அரசாணையே விலக்கு அளித்துவிட்டது. அரசு அறிவிக்கும் சமய நிறுவனங்களின் இடங்களையும் பதிவு பெற்ற வக்ஃபு சொத்துகளையும் 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு வெளியே வைத்திருக்கிறது. அதற்கும் மேலாக, நீங்கள் வாடகைக்கு எடுத்திருப்பது கட்டடம் அன்று, வெறும் மனை. உங்கள் வாடகை நிர்ணயமும் வெளியேற்றமும் 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 34அ, 78 ஆகிய பிரிவுகளைச் சுற்றியே நடக்கும். தனி இழை தொடங்குங்கள். அங்கே விரிவாகப் பேசலாம். இந்த இழையை வடசேரி வீட்டோடு முடித்துக்கொள்வோம்.

மார்த்தாண்டம் கடைமுறி எழுதியது:

முன்பணக் கணக்கைப் படித்த பிறகு, பழைய வாடகை உரிமை முடிந்துவிட்டது என்று நானும் ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பத்து வருடத்தில் அவர் இந்த வீட்டுக்கு எதுவுமே செய்யவில்லையா? ஓட்டு வீடு என்கிறீர்கள். ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் ஓடு பறக்காத வீடு அபூர்வம்.

வடசேரி மகள் எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலில் பக்கத்துத் தோப்பின் அயனி மரம் வீட்டின் பின்பாதியில் விழுந்தது. உத்தரமும் கைமரமும் முறிந்து, மழை முழுவதும் அடுக்களைக்குள் இறங்கியது. அப்பா அப்போது படுக்கையில் இருந்தார்கள். வீட்டில் இருக்கும் அந்தப் பெரியவரே ஆசாரியை வைத்துக் கூரையை மாற்றினார். அன்றைக்கு அவர் சொன்ன தொகை 62,000 ரூபாய். அப்பா, “ஒற்றி திருப்பும்போது பார்த்துக்கொள்வோம்” என்று சொன்னதை அம்மா நினைவு வைத்திருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது குளியலறைக்குப் போட்ட தரை ஓட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

குழித்துறை வழக்குரைஞர் எழுதியது:

கூரை வேறு, தரை ஓடு வேறு. ஈடாக வைத்த சொத்து அழிந்துபோகாமல் காக்கச் செலவிட்ட தொகையை அசலோடு சேர்த்துக்கொள்ள, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 72ஆம் பிரிவு ஈடு வாங்கியவரை அனுமதிக்கிறது. புயலில் விழுந்த கூரையைக் கட்டியது அந்த வகை. பத்திரம் பதிவாகவில்லை என்று சொல்லி இதைத் தட்டிக் கழிக்க வழி தேடாதீர்கள். தன் வசதிக்காகப் போட்ட தரை ஓடு அந்த வகையில் வராது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் மனம்.

பேசித் தீராவிட்டால், எழுத்து அறிவிப்பு அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் பணத்தைக் கொடுக்கத் தயார் என்று சொல்லி வீட்டின் உடைமையைக் கேட்டு வழக்குப் போட வேண்டும். உங்கள் தாயார், நீங்கள், தங்கை, தம்பி எல்லோரும் வாரிசுகள் என்பதால் அறிவிப்பில் நால்வர் பெயரும் வரட்டும். அவர் வாடகைக்காரர் என்றே நீதிமன்றம் கண்டாலும் உங்களுக்கு 2017 சட்டத்தின் வழி திறந்தே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அந்தக் கணக்கோடு அவரைப் போய்ப் பாருங்கள். தாளின் பின்பக்கத்தை அவர் மறந்திருக்கலாம்.

வடசேரி மகள் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு போனேன். தாளின் நகலை மேசையில் வைத்தோம். அவர் முன்பக்கத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திருப்பி, பின்பக்கத்தில் தன் சுருக்கக் கையொப்பத்தைப் பார்த்ததும், விரலை அதன்மேல் வைத்து வெகுநேரம் இருந்தார். பிறகு உள்ளே திரும்பி, “அட்வான்ஸை அன்றைக்கே கழித்துவிட்டோமே” என்று மனைவியிடம் சொன்னார். 62,000 ரூபாயைச் சேர்த்து 4,62,000 தருகிறோம் என்று அம்மா சொன்னபோது, அதை நாங்கள் நினைவு வைத்திருப்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஒழிந்து தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இருப்பதால் மே மாதக் கடைசி வரை நேரம் கேட்கிறார்கள். நாங்களும் சம்மதித்தோம். அவரே இன்னொன்றும் சொன்னார்: “பணத்தை இப்போதே தந்துவிடுங்கள், இருக்கும் நான்கு மாதத்துக்கு மாதம் 5,000 வாடகை தந்துவிடுகிறேன்.” புது வீட்டுக்கு முன்பணம் கட்ட அவருக்குப் பணம் தேவை. இதில் ஏதாவது சிக்கல் உண்டா?

குழித்துறை வழக்குரைஞர் எழுதியது:

சிக்கல் உண்டு. அந்த 5,000 ரூபாயை ஒரு மாதம் வாங்கினாலும், நீங்கள் முடித்துவைத்த வாடகை உறவை நீங்களே புதிதாகத் தொடங்குகிறீர்கள். அது 2019க்குப் பிறகு உண்டான வாடகை. எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இல்லாமல் அப்படி விடக்கூடாது என்பது 2017 சட்டத்தின் 4ஆம் பிரிவு. நாளை மனம் மாறினால், எந்தச் சட்டம் பொருந்தும் என்ற இதே கேள்வியோடு இதே இடத்தில் மறுபடியும் நிற்பீர்கள்.

அவருடைய தேவையும் நியாயமானது. ஆகவே 4,62,000இல் ஒரு பகுதியை, சொல்லப்போனால் ஒரு லட்சத்தை, இப்போதே வங்கி வழியாகக் கொடுங்கள். மீதி 3,62,000 மே 31 அன்று, வீட்டைக் காலியாக ஒப்படைக்கும் வேளையில். அதுவரை ஒற்றி ஏற்பாடே தொடர்கிறது, வாடகை எதுவும் இல்லை என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மின் கட்டணம் மட்டும் அவர் கட்டட்டும்.

தக்கலை பத்திர எழுத்தர் எழுதியது:

அந்தத் தாளை நான் எழுதித் தருகிறேன் மகளே, கூலி வேண்டாம். பழைய தாளின் நகலையும் வாடகை நோட்டின் அந்தக் கோடு போட்ட பக்கத்தின் நகலையும் கொண்டு வாருங்கள். அவரையும் கூடவே அழைத்து வாருங்கள். ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் அவரிடம் கையெழுத்து வாங்குவேன்.

வடசேரி மகள் எழுதியது:

புதன்கிழமை காலை வருகிறோம் ஐயா. அவரும் வரச் சம்மதித்துவிட்டார்.